நூற்றியெண்பதுக்கு ஐம்பது

கார் வாங்கப் போகிறவர்கள் இன்று மைலேஜ் எவ்வளவு என்கிறார்கள், ஏர்பேக் எத்தனை என்கிறார்கள், சன்ரூஃப் உண்டா என்கிறார்கள். பாட்டுப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது வண்டியோடு சேர்ந்தே வருகிறது. திரை ஒளிர்கிறது, கைபேசி தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது, பாட்டு வருகிறது. நான் வளர்ந்த காலத்தில் வண்டி வாங்குவது ஒரு முடிவு. அதற்குள் எதைப் பாட வைப்பது என்பது தனி முடிவு. இரண்டாவது முடிவுக்குக் கூடுதல் நாள் எடுத்துக்கொண்ட வீடுகள் உண்டு. எங்கள் வீடு அப்படிப்பட்டது.

அன்றைய வண்டியின் டாஷ்போர்டு நடுவே பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு செவ்வகம் இருக்கும். அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50. ஜெர்மனியின் தர அமைப்பு வகுத்த அளவு அது, பின்னர் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பெயரில் உலகத் தரமாயிற்று. அந்த அமைப்பின் பெயரைச் சேர்த்துக் கடைக்காரர்கள் 'சிங்கிள் டின்' என்பார்கள். உயரம் இரட்டித்து 100 ஆனால் 'டபுள் டின்'. எந்த நாட்டில் செய்த செட்டாக இருந்தாலும் அந்த ஓட்டைக்குள் போய் உட்காரும். பழையது பிடிக்கவில்லையா, நாலு திருகைக் கழற்றி வெளியே இழுத்துவிட்டுப் புதியதைத் தள்ளலாம். கார் நிறுவனம் விட்ட இடத்தில் நம் ரசனை நுழையும். இத்தனை வருடங்களில் நான் கேட்ட எல்லா வண்டிகளையும் யோசித்துப் பார்த்தால், ஒலி வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, அந்த இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் அப்பாவின் பிரீமியர் பத்மினியில் இருந்தது மீடியம் வேவ் மட்டும் பிடிக்கும் ரேடியோ. இரண்டு குமிழ்கள், நடுவே நகரும் முள், அடியில் வரிசையாகப் பொத்தான்கள், ஒரே ஒரு ஸ்பீக்கர். அதைப் பொருத்துவதே ஒரு கலை. ஏரியலை மாட்டிய பிறகு முள்ளை 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொண்டுபோய், அங்கே மங்கலாக ஒலிக்கும் ஏதாவது ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருக்கும் சிறு திருகைத் திருப்பித் திருப்பி அந்த மங்கல் எங்கே உரக்கிறதோ அங்கே நிறுத்துவார் மெக்கானிக். ஏரியலும் ரேடியோவும் ஒன்றுக்கொன்று இசைவது அந்த இடத்தில்தான்.

அதைவிடப் பெரிய வேலை இரைச்சலை அடக்குவது. ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் ஒரு சிறு ரேடியோ அலையும் கிளம்புகிறது. மீடியம் வேவ் ரேடியோ, அலையின் ஏற்ற இறக்கத்தைத்தான் ஒலியாக மாற்றுகிறது. ஆகவே அந்தப் பொறியையும் ஒலியாக்கிவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க 'டிக்டிக்' என்பது 'டர்ர்' என்று உயரும். இக்னிஷன் காயிலுக்கு ஒரு கண்டென்சர், பிளக் மூடியில் ரெசிஸ்டர், பானட்டையும் பாடியையும் இணைக்கும் பின்னல் செம்புப் பட்டை என்று ஒவ்வொன்றாகப் போட்டு அப்பா அந்த இரைச்சலைக் குறைத்தார். ஒவ்வொன்று போட்ட பிறகும் வண்டியை ஓட்டிப் பார்ப்பார், செய்தி வாசிப்பவரின் குரலைக் கவனிப்பார். ஒலியைக் கவனமாகக் கேட்பது என்றால் என்ன என்று அவரைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியை அந்த முள் எனக்குக் காட்டியது. புறப்படும்போது சென்னை நிலையம், 720 கிலோஹெர்ட்ஸ். திண்டிவனம் தாண்டி அது தேய ஆரம்பித்தால் 936இல் திருச்சி மெல்ல எழும். மதுரைக்குத் தெற்கே போனதும் 1197இல் நெல்லை. ஊர்ப்பெயர்ப் பலகை வருவதற்கு முன்பே நெல்லை அறிவிப்பாளரின் குரலில் ஊர் வந்துவிடும். இரவில் இந்த வரைபடம் முழுக்க மாறிப்போகும். பகலில் மீடியம் வேவை உறிஞ்சிக்கொள்ளும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. மேலடுக்கில் பட்டு அலைகள் நெடுந்தொலைவு திரும்பி வருகின்றன. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடலைத் தாண்டிப் பத்மினிக்குள் வந்து பாடும். எந்தப் பாட்டு வரும் என்று நமக்குத் தெரியாது. வந்ததை எல்லோரும் சேர்ந்து கேட்போம், அம்மாவுக்குப் பிடித்த பாட்டு வந்தால் அப்பா வேகத்தைக் குறைப்பார்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்குத் தந்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி எங்கள் வண்டிக்கு வந்து சேர இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அப்பா பத்மினியைக் கொடுத்துவிட்டு மாருதி 800 வாங்கியிருந்தார். டெக் வாங்க பர்மா பஜாருக்குப் போனோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் உருவான கடை வரிசை அது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் ஜப்பான் டெக் என்றால் சென்னைக்காரர்களின் கால் அங்கேதான் நடக்கும். அங்கே வாங்கியதை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் பொருத்துவோம். அந்தத் தெருவில் ஒரு பாய் இருந்தார். ஸ்டீரியோவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதி அவர் கொடுத்தது.

கடைப் பலகையில் வரிசையாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் பாட விட்டுக் காட்டுவார். நான் உடனே வால்யூமைக் கூட்டச் சொல்வேன். "தம்பி, கொறச்சு வெச்சுக் கேளுங்க. சின்னதா வெச்சாலும் எல்லா வாத்தியமும் காதுல விழுதான்னு பாருங்க. சத்தமா வெச்சா எல்லா செட்டும் நல்லாத்தான் இருக்கும்" என்பார். இது வெறும் அனுபவ மொழி இல்லை. ஒலி அளவு குறையும்போது நம் காது தாழ்ந்த சுரங்களையும் உச்ச சுரங்களையும் விரைவாக இழந்துவிடுகிறது. நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. ஃபிளெச்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வரைபடமாக்கினார்கள். அந்தக் கால டெக்குகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததற்குக் காரணமும் இதுதான். குறைந்த ஒலியிலும் நிறைவாகக் கேட்கும் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்ற பாயின் அளவுகோலை இன்றுவரை நான் மாற்றவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று, சோதிக்கப் போகும்போது நமக்கு மனப்பாடமான ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது. நான் கொண்டுபோனது 'ப்ரியா'. 1978இல் ஸ்டீரியோவில் பதிவான பாடல்களோடு வந்த படம். ஒரு ஸ்பீக்கர் ரேடியோவில் ஒட்டிக் கிடந்த வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பதை அந்தக் கடையில்தான் முதலில் கேட்டேன். வீட்டில் பழகிய பாட்டுக்குள் இத்தனை பேர் வாசித்துக்கொண்டிருந்தார்களா என்று தோன்றியது.

பாய் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பேன். ஸ்பீக்கர் வயரில் ஒரு பென்டார்ச் செல்லைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனை பிளஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். விலை உயர்ந்த செட்டு போட்டும் தபலா கேட்கவில்லை என்று வருகிறவர்களுக்குப் பல நேரம் இந்த வயரை மாற்றிக் கொடுத்தே அனுப்பியிருக்கிறார். பின் சீட்டுக்கு மேலே பார்சல் ட்ரேயில் ஆறுக்கு ஒன்பது அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கரை அவர் வைத்ததற்கும் காரணம் இருந்தது. ஸ்பீக்கரின் முதுகிலிருந்து வரும் காற்று முன்பக்கக் காற்றோடு கலக்காமல் டிக்கியே பெட்டியாக நின்று தடுக்கும்.

கேசட் நிறைய கவனிப்பைக் கேட்டது. நாடா 3.81 மில்லிமீட்டர் அகலம். அதில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு தடங்கள். டெக்கின் ஹெட் இம்மி சாய்ந்தாலும் உச்ச சுரங்கள் மங்கிவிடும். அதைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகு உண்டு. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. தொண்ணூறு நிமிட கேசட்டின் நாடா அறுபது நிமிடத்தினுடையதைவிட மெலிது என்பதால் சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் அது சீக்கிரம் சிக்கும். ஆகவே வண்டிக்கு அறுபதுதான்.

அந்த அறுபது நிமிடத்தை நிரப்புவது ஒரு பொறுப்பு. ரெக்கார்டிங் சென்டருக்குப் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்துக்கு முப்பது நிமிடம், அதற்குள் ஆறோ ஏழோ பாட்டு. அம்மாவுக்கு இரண்டு, அப்பாவுக்கு இரண்டு, எனக்கும் தங்கைக்கும் மிச்சம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று நாள்கணக்கில் யோசிப்போம். பயணம் தொடங்கும் முன்பே பயணத்தின் இசை எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இன்று கோடிக்கணக்கான பாடல்கள் விரல் நுனியில் இருக்கின்றன. அது பெரும் கொடை, குறைத்துப் பேச மாட்டேன். அம்மா கேட்கும் அரிய பழைய பாட்டை நொடியில் எடுத்துக் கொடுக்க முடிகிறது. ஆனால் நாலு பேர் உட்கார்ந்து பேசி ஒரு பட்டியலில் ஒன்றுபட்ட அந்த வேலைக்கு இணையாக இப்போது ஒன்றுமில்லை. பின் சீட்டில் இருப்பவர்கள் காதில் அவரவர் பாட்டு ஓடுகிறது.

1984இல் பயனீர் நிறுவனம் காருக்கான சி.டி. பிளேயரைக் கொண்டுவந்தது. எங்களுக்கு அது எட்டியது 1990களின் பின்பாதியில். சந்தை திறந்து, எல்லாப் பெயர்களும் ரசீதோடு கிடைக்க ஆரம்பித்த நேரம். ஜப்பானிலிருந்து வந்த பழைய செட்டுகளும் மலிவாகக் கிடைத்தன. ஆனால் ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை அப்போது 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. சென்னை வானொலியின் 101.4 அதில் வரவே வராது. விலையைப் பார்க்கும் முன் அலைவரிசையைப் பார்க்கச் சொல்லி நண்பர்களிடம் வற்புறுத்திய காலம் அது. முகப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லும் செட்டுகள் வந்ததும் அப்போதுதான். திருடனுக்கு உடல் மட்டும் மிஞ்சும். முகப்பு நம் சட்டைப்பையில் இருக்கும்.

அந்த முகப்புகளில் '50W × 4' என்று பொன்னெழுத்தில் இருந்தது. இன்றும் அட்டைப் பெட்டிகளில் இருக்கிறது. ஓடும் வண்டியின் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52. அந்த ஐம்பது வாட் வருவது இந்தக் கணக்கிலிருந்துதான்; அது முற்றிலும் சிதைந்த, சதுரமாக வெட்டுப்பட்ட அலைக்கான கணக்கு. சிதையாத அலைக்கு அதில் பாதிதான் உச்ச வரம்பு. நடைமுறையில் பதினைந்து முதல் இருபத்திரண்டு வாட் வரை கிடைக்கும். அட்டையில் 'ஆர்.எம்.எஸ்.' என்று எழுதிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வாட்டை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். மாறாக, 89 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 92 உள்ளதைப் போட்டால், ஆம்ப்பைத் தொடாமலே வாட்டை இரட்டித்த பலன். இந்த எளிய கணக்கைக் கடையில் யாராவது சொல்லிக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிச்சமாகும் என்று நான் உண்மையிலேயே நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு மகள் தன் சம்பளத்தில் கார் வாங்கினாள். அழகான அகலத் திரை. ஆனால் வால்யூமைக் கூட்டினால் தாழ்ந்த ஒலி வளராமல் பின்தங்கியது. சின்ன ஸ்பீக்கர்கள் கிழியாமல் இருக்க, வண்டியோடு வரும் பல செட்டுகளில் அப்படித்தான் நிரல் எழுதி வைக்கிறார்கள். "அப்பா, உங்க மாருதி செட்டு இதைவிட நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டாள். செட்டை மாற்றிவிடலாம் என்றால், மாற்ற அங்கே செட்டு என்று தனியாக எதுவுமில்லை. ஏசி, பின்பக்க கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், வண்டியின் எச்சரிக்கை ஒலிகள் எல்லாம் அந்தத் திரைக்குள் இருக்கின்றன. அவை வண்டியின் மற்ற கணினிகளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. வயரை வெட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே வேலையை எதிர்முனையிலிருந்து தொடங்கினோம். முதலில் முன்கதவுகள். கதவு என்பது உள்ளே காலியான தகர டப்பா. ஸ்பீக்கர் அசையும்போது அதுவும் சேர்ந்து நடுங்கும், தன் சொந்த ஒலியைப் பாட்டில் கலக்கும். பியூட்டைல் ரப்பர் ஷீட்டை உட்புறத் தகட்டில் ஒட்டி, ஓட்டைகளை அடைத்ததும் பழைய ஸ்பீக்கரிலேயே மிருதங்கத்துக்கு உருவம் வந்தது. சாலை இரைச்சலும் குறைந்தது. டயரிலிருந்து வரும் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த அலைதான் என்பதால், அது பாட்டின் அடித்தளத்தையே விழுங்கிவிடும். இரைச்சலைக் குறைப்பதும் ஒலியைக் கூட்டுவதும் ஒன்றுதான்.

பிறகு ட்வீட்டர் தனியாக உள்ள காம்பொனன்ட் ஸ்பீக்கர்கள் முன்னால். அதன் பிறகு சீட்டுக்கு அடியில், ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் ஒரு சிறிய டி.எஸ்.பி. ஆம்ப். வண்டியின் கப்ளரிலேயே செருகும் இணைப்பு என்பதால் ஒரு வயரையும் வெட்டவில்லை. பொருத்திய இளைஞர் ஓட்டுநர் இருக்கையில் தலை இருக்கும் உயரத்தில் ஒரு மைக்கை வைத்து, மடிக்கணினியைத் திறந்தார். ஒலி ஒரு மில்லி வினாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஓட்டுநருக்கு வலப்பக்க ஸ்பீக்கர் அருகில், இடப்பக்கம் அரை மீட்டர் கூடுதல் தொலைவில். அருகில் உள்ளதைச் சுமார் ஒன்றரை மில்லி வினாடி தாமதிக்க வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்து சேரும். பாடுகிறவர் வலக் கதவிலிருந்து எழுந்து டாஷ்போர்டின் நடுவே வந்து நின்றார். மகள் வால்யூமைக் கூட்டப் போனாள். குறைக்கச் சொன்னேன். குறைத்த பிறகும் எல்லாம் அங்கேயே இருந்தது.

பாயும் பென்டார்ச் செல்லும், இந்த இளைஞரும் மைக்கும் செய்தது ஒரே வேலை. பொருளைத் திறந்து பார்த்து, ஏன் இப்படி ஒலிக்கிறது என்று கேட்டு, ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பகை கூட மாறவில்லை. அப்பா எதிர்த்துப் போராடிய பொறி இரைச்சலின் இடத்தில் இப்போது மின்சாரக் கார்களின் இன்வெர்ட்டர் இரைச்சல். அதைக் காரணம் காட்டிச் சில நிறுவனங்கள் மின்கார்களிலிருந்து மீடியம் வேவையே எடுத்துவிட்டன. கண்டென்சரும் செம்புப் பட்டையும் கொண்டு ஒருவர் வென்ற போரில் பெரிய நிறுவனங்கள் விலகிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. புயல் நாட்களில் கைபேசிக் கோபுரங்கள் விழுந்த பிறகும் எட்டக்கூடிய அலை அது.

அகலத் திரைகள் போய்ப் பழைய செவ்வகம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு பொதுவான கப்ளர் போதும். எல்லா வண்டியிலும் ஒரே வடிவில், நிரல் கைவைக்காத சுத்தமான ஒலியை வெளியே தரட்டும். அளவுக்கு ஒரு தரத்தை வகுத்து உலகம் முழுதும் ஒத்துக்கொள்ள வைத்தவர்களுக்கு இதையும் செய்ய முடியும். அதுவரை, நல்ல ஒலி வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் முன்கதவுகளுக்கு ஷீட் ஒட்டி ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். அடுத்து உணர்திறன் அதிகமுள்ள முன் ஸ்பீக்கர்கள். அதன் பின் தாமதத்தைச் சரிசெய்யும் ஆம்ப். அதற்கு பேட்டரியிலிருந்து நேரடி வயர், பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பின் ஸ்பீக்கர்களைக் குறைத்து வையுங்கள். பணம் மிச்சமிருந்தால் மட்டும் சப்ஊஃபர். ஒவ்வொரு படியிலும் மனப்பாடமான ஒரு பாட்டை, என்ஜின் ஓட, குறைந்த வால்யூமில் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் உட்கார வைத்துக் கேளுங்கள். போதும் என்று அவர்கள் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.